நாற்பது நிமிடத்தில் கல்யாணச் சாப்பாடு

எனக்குச் சமைக்கத் தெரியாது. சாப்பாட்டுத் தொழில் நடத்துகிறவள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சமையல் என் அண்ணியுடையது, பேச்சு என்னுடையது. அண்ணி ஒரு நாள் முழுக்கப் பேசுவதை நான் காலைக் காப்பி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவேன். தொழில் தொடங்கிய அன்றைக்கு அண்ணி சொன்னது ஒரே வரிதான்: "நீ வாயால வடை சுடு, நான் எண்ணெயில சுடுறேன்." எங்கள் கூட்டு ஒப்பந்தம் அவ்வளவுதான். வக்கீல் வைத்து எழுதியிருந்தாலும் இதைவிடத் தெளிவாக வந்திருக்காது.

மலேசியாவின் சிகாமட் ஊரில் ஒரு கடைவீட்டின் பின்பாதியைச் சமையலறையாக வைத்திருந்தோம். ஆற்று வெள்ளம் ஏறினால் அண்டாக்களை மேலே தூக்க அகலமான படிக்கட்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் இடத்தையே எடுத்தோம். பிறந்தநாள், புதுவீடு, கோயில் உபயம் என்று இருபது பேருக்கும் முப்பது பேருக்கும் ஆர்டர் வரும். சாப்பிட்டவர்கள் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டே, "அடுத்த தடவ பெருசா செய்யலாம்லா" என்பார்கள். அந்த அடுத்த தடவை எந்தப் பஸ்ஸில் வருகிறதென்றுதான் தெரியவில்லை.

அப்போது நகர மண்டபத்தில் ஒரு வகுப்பு வைத்தார்கள். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் இலவசக் கருவிகளைப் பற்றியது. வகுப்பெடுத்த பெண் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினாள். படம் போட ஒன்று, ஆர்டர் வாங்க ஒன்று, நாள் குறிக்க ஒன்று, கூட்டம் போட ஒன்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் "இலவசம்" என்பாள். நான் ஒவ்வொரு இலவசத்துக்கும் கையைத் தூக்கினேன். இரவுச் சந்தையில் பலகாரக்காரர்கள் ருசி பார்க்கத் துண்டு நீட்டினால் நான் எந்தத் தட்டையும் கடந்து போனதில்லை, அதே குணம். வீட்டுக்கு வரும்போது பதினொரு கருவிகளில் பேர் பதிந்திருந்தேன். பதினொன்றுக்கும் ஒரே கடவுச்சொல். அண்ணியின் பிறந்தநாள்.

அண்ணிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "சும்மா குடுக்கிறவன் என்னத்த எடுத்துக்கிறான்?"

"ஒண்ணும் எடுத்துக்க மாட்டான் அண்ணி. இது டெக்னாலஜி."

முதலில் கடைச் சின்னம் வரைந்தேன். பச்சை வாழையிலை, மேலே ஆவி பறக்கிற சோறு. வரைந்து முடித்துச் சேமித்தால், அந்தப் படக் கருவியின் பேர் குறுக்கே சாய்வாக, நரைத்த எழுத்தில், இலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுகிறது. காசு கட்டினால்தான் அது போகுமாம். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது நம்ம இலையா, அவன் இலையா?" கொஞ்ச நேரம் கழித்து, "இலை மேல ஏன் பஞ்சு வெச்சிருக்க?" அது சோறு என்று நான் சொல்லவில்லை.

அடுத்து ஆர்டர் படிவம். பதினேழு கேள்விகள் வைத்தேன். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, காரம் எவ்வளவு, வெங்காயம் பூண்டு உண்டா என்று எல்லாம் கேட்டேன். 'சைவமா அசைவமா' என்ற கேள்விக்கு ஒருவர் இப்படி நிரப்பியிருந்தார்: 'சைவம். மாமனார் வரலேன்னா அசைவம். வர்றாரான்னு அன்னிக்குக் காலையில சொல்றேன்.' இதை எந்தக் கட்டத்தில் போடுவது? வேலைகளைக் குறித்து வைக்க ஓர் இலவசக் குறிப்பேடும் இருந்தது. அதில் வேலைகளைக் குறிக்காமல் இப்படி மனிதர்கள் சொல்வதையெல்லாம் குறித்து வைத்தேன். 'கறிவேப்பிலை வாங்கு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'வர்றாரான்னு அன்னிக்குக் காலையில சொல்றேன்' என்று இருக்கும். கறிவேப்பிலை வாங்க மறந்துபோகும்.

இதற்கிடையில் அண்ணிக்கு ஒரு கடிதம் வந்தது. செனாய் பக்கம் பரோட்டா செய்து உறையவைத்து விற்கும் தொழிற்சாலை ஒன்றில் சமையல் மேற்பார்வை வேலை. விடுதியில் தங்கவேண்டும், சனிக்கிழமை வீடு வரலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். அண்ணி கடிதத்தை மிளகாய்த்தூள் டின்னுக்கு அடியில் வைத்தார்.

"இருபது பேரு முப்பது பேருக்கு ஆக்கி இந்த இடத்த வெச்சுக்க முடியாது. பெரிய ஆர்டர் ஒண்ணு வந்தா இருக்கேன். வரலேன்னா போறேன்."

"நீங்க போயிட்டா நான் என்னா அண்ணி செய்வேன்?"

"ரொட்டி வாங்கி வெண்ணெய் தடவு. அதுக்குப் படிவம் வெச்சுக்க."

அண்ணிக்குப் போக மனமில்லை. பேசாத மனிதர்களின் மனம் அடுப்படியில் தெரியும். அந்த வாரம் ரசத்தில் இரண்டு முறை உப்பில்லை.

மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, என் பதினேழு கேள்விப் படிவத்தின் வழியாகவே ஒரு கல்யாணம் வந்தது! கோலாலம்பூரில் வேலை செய்கிற கல்யாணப் பெண் அவளே நிரப்பியிருந்தாள். சிகாமட் கோயில் மண்டபம், வாழையிலைச் சாப்பாடு, அறுநூறு இலை. கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தாள்: 'எனக்கு ஓகே. ஆனா அப்பா, மாமா, அத்தை மூணு பேரும் சரின்னு சொல்லணும். முக்கியமா அத்தை.'

பெண்ணின் அப்பா கோத்தா திங்கியில். தாய்மாமா சிங்கப்பூரில். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தங்காக்கில். நாலு திசையில் இருக்கிற நாலு பேரை ஓரிடத்தில் உட்காரவைப்பது எப்படி? எனக்குத்தான் கருவி இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வீடியோ கூட்டம் என்று அழைப்பு அனுப்பினேன். அண்ணியைப் புதுச் சேலை கட்டச் சொல்லி என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

மூன்று மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்பா வந்தார், முகம் பாதி. மாமா வந்தார், டை கட்டியிருந்தார். அத்தையின் கட்டத்தில் சுவர்க் காலண்டர் தெரிந்தது. பிறகு மருமகளின் கை வந்து போனைத் திருப்ப, அத்தை வந்தார்.

"வணக்கம். சாப்ட்டீங்களா?" என்றேன்.

இந்த ஒரு கேள்வி எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆறு பேர். ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரையும் கேட்கவேண்டும். கேட்கப்பட்டவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லவேண்டும். மாமா, "இன்னும் இல்ல, பரவால்ல" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

"ஏன்பா இன்னும் சாப்பிடல? மணி மூணாச்சே!" என்றார் அத்தை. "உம் பொண்டாட்டி எங்க?"

மாமாவின் மனைவியைக் கூப்பிட்டு, அவர் வந்து கும்பிட்டு, அவரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டு முடித்தோம். பிறகு அப்பா தொண்டையைக் கனைத்தார். "தங்கச்சி, நீங்க எந்த எஸ்டேட்டு?" நான் சொன்னேன். "உங்க அண்ணி?" அண்ணி சொன்னார். அந்தப் பேரைக் கேட்டதும் அத்தை போனுக்குப் பக்கத்தில் வந்தார். எங்கள் திரை முழுவதும் அவர் நெற்றிதான்.

"அந்த எஸ்டேட்லதான் என் நாத்தனாரைக் குடுத்திருக்கு! கோயிலுக்குப் பின்னால லயத்துல. உனக்குத் தெரியுமா?"

"மூணாவது வீடு," என்றார் அண்ணி. "எங்க வீடு அஞ்சாவது."

நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். சொந்தமே ஆகிவிட்டது, இனி சாம்பாரா மோர்க்குழம்பா என்பதுதான் பாக்கி. திரையின் மேல்பக்கம் மஞ்சளாக ஒரு பட்டை வந்து ஏதோ ஆங்கிலத்தில் சொன்னது. விளம்பரம் என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டேன்.

அத்தை உற்சாகமாகிவிட்டார். எங்கள் பக்கத்து விசேஷங்கள், யார் எங்கே சமைத்தார்கள் என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தினார். "சாப்பாடுன்னா எனக்கு ஒரு நெனப்பு வரும்மா. எங்க வீட்டுக்காரர் எறந்தப்ப..."

திரை கறுத்தது.

எங்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போல அந்தக் கறுப்பில் நாங்களே தெரிந்தோம். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன்.

"எங்க போனாங்க?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி. லைன் போச்சு போல."

லைன் போகவில்லை. இலவசக் கூட்டம் நாற்பது நிமிடம்தான். அதற்கு மேல் அதுவே சாத்திவிடும். வகுப்பில் இதைச் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது அடுத்த இலவசத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

சாயங்காலம் கல்யாணப் பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, அத்தை ரொம்ப வருத்தமா இருக்காங்க. அவங்க போன்ல, நடத்துனவங்க கூட்டத்த முடிச்சிட்டாங்கன்னு வந்துச்சாம். மருமக படிச்சுக் காட்டியிருக்காங்க."

"அலமாக்! நான் முடிக்கலம்மா!"

"நான் சொன்னேன் ஆன்ட்டி. அத்தை என்ன சொல்றாங்கன்னா, புருஷன் செத்த கதைய சொல்லிட்டு இருக்கேன், 'சரிக்கா, வெச்சிர்றேன்'னு ஒரு வார்த்த சொல்லாம மூஞ்சில கதவ சாத்துற வீட்டுக்காரங்க கையால நம்ம பிள்ளைங்க கல்யாணத்துல சாப்பிடணுமாங்கிறாங்க."

அந்த வார்த்தையைக் குறிப்பேட்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நான் அத்தைக்கு மூன்று முறை போன் அடித்தேன். மருமகள்தான் எடுத்தாள். "அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க" என்பாள். பின்னாலேயே அத்தையின் இருமல் கேட்கும். கடைசியில் அப்பா பேசி, அடுத்த ஞாயிறு இன்னொரு கூட்டத்துக்குச் சம்மதம் வாங்கினார்.

இந்தத் தடவை நான் புத்திசாலியாகிவிட்டேன். தொடங்கியதும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். "இது இலவசக் கூட்டங்க. நாப்பது நிமிஷம்தான். அதுவா கட்டாயிடும். நான் கட் பண்ணல."

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிங்கப்பூர்ல நான் கார் நிறுத்தத்தான் சிஸ்டர் நேரம் பாப்பேன்," என்றார் மாமா.

"அப்ப சட்டுனு பேசணும்," என்றார் அப்பா. சட்டென்று பேசினார். வடை உளுந்துவடையா பருப்புவடையா என்று கேட்டார். உளுந்து என்று முடிவாயிற்று. கூட்டம் தொடங்கி ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் சோறு, குழம்பு, கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் முடித்தாலும் நேரம் மிஞ்சும் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆனால் நம் ஆட்களுக்குக் கதவு சாத்தும் நேரம் தெரிந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. போன தடவை போல சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக் கூடாதே! பதினைந்தாவது நிமிடத்திலேயே மாமா கைகூப்பிவிட்டார்.

"கட்டாயிடும்னு சொல்றாங்க. அதுக்குள்ள சொல்லிக்கிறேன். போய்ட்டு வர்றேங்க."

"இருங்க மாமா, இன்னும் குழம்பு பேசல," என்றாள் பெண்.

"பேசுங்க பேசுங்க, நான் இருக்கேன். சொல்லிக்கிட்டா நல்லதுதானே."

அவர் சொல்லிக்கொண்டதும் அப்பாவும் சொல்லிக்கொள்ளவேண்டி வந்தது. அப்பா அக்காவிடம் தனியாகச் சொல்லிக்கொண்டார். மாமாவின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து சொல்லிக்கொண்டார். நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். "அப்ப குழம்பு?" என்று கேட்டதற்கு, "நீங்க மொதல்ல போனை வைங்க" என்றார் மாமா. "இல்லல்ல, நீங்க வைங்க." "பெரியவங்க வைக்கட்டும்." ஒருவரும் வைக்கவில்லை, ஒருவரும் பேசவுமில்லை. இருபது நிமிடம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தோம். அத்தை மட்டும் கும்பிடவில்லை. காலண்டர் பக்கமாக முகத்தைத் திருப்பியபடியே இருந்தார். நாற்பதாவது நிமிடம் கருவி வந்து எங்கள் எல்லாரையும் விடுவித்தது.

இரண்டு ஞாயிறு. ஒரு வடை.

மாதம் முடிய இரண்டு நாள். காசு கட்டிப் பெரிய கூட்டமாக வாங்கிவிடலாமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி டின்னுக்கு அடியிலிருந்த கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அப்புறம் தேங்காய் உடைத்தார். இலவசமாகவோ காசுக்கோ யாரும் ஆர்டர் கொடுக்காத ஒரு நாளில் ஏன் தேங்காய் உடைக்கிறார் என்று நான் கேட்டேன்.

"தங்காக் போறோம்."

"அவங்கதான் போனையே எடுக்க மாட்டேங்கிறாங்களே அண்ணி."

"அதான் போறோம்."

மறுநாள் காலை அண்ணனின் வேனை எடுத்துக்கொண்டு நான் ஓட்ட, அண்ணி மடியில் ஐந்தடுக்குக் கேரியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் நான் அங்கே போய் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். ஜவுளிக்கடைத் தெருவைத் தாண்டி அத்தையின் வீட்டு வாசலில் இறங்கியபோது எனக்கு எல்லாம் மறந்துபோனது.

அத்தை கதவைத் திறந்தார். வந்தவர்களை "வாங்க" என்று சொல்லாமல் இருக்க அவராலும் முடியவில்லை. சொன்னார், சொல்லிவிட்டோமே என்று முகத்தைச் சுளித்தார். நாற்காலி போட்டார். வரக்காப்பி வந்தது. மருமகள் கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லிவிட, அவள் அங்கிருந்தே கூட்டத்தைத் தொடங்கி அப்பாவையும் மாமாவையும் இழுத்துவிட்டாள். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து மேசையில் நிறுத்தினார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் "அக்கா, நடந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணி என் முழங்காலைத் தொட்டார். நான் நிறுத்தினேன். என் வாழ்க்கையில் இது அடிக்கடி நடப்பதில்லை.

"உங்க வீட்டுக்காரர் எறந்தப்ப என்னாக்கா ஆச்சு?" என்றார் அண்ணி.

அத்தை அண்ணியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னது நீளமான கதை. நடுவில் போன் ஒரு தடவை கறுத்தது. பெண் மறுபடி தொடங்கினாள். அத்தை நிறுத்தவே இல்லை. கோத்தா திங்கியிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் எந்த இடத்தை விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அத்தையின் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு ஆலைக் கூட்டாளிகள் வேலை முடிந்துதான் வரமுடிந்தது. கடைசிப் பந்தி. சமையல்காரர்கள் அதற்குள் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டாளிகளின் இலையில் சோறும் தண்ணியாக ரசமும் மட்டும். அப்பளம்கூட இல்லை.

"முப்பது வருஷம் அவரு கூட ஒரே தூக்குச் சட்டியில பங்கு போட்டுத் தின்னவங்கம்மா. ஒண்ணும் சொல்லாம தின்னுட்டு, என்னைக் கும்பிட்டுட்டுப் போனாங்க. அவரு இருந்திருந்தா என் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிலேருந்து நம்ம வீட்டு விசேஷத்துல நான் மொதப் பந்திச் சாப்பாட்டப் பாக்கிறதில்ல. மொதப் பந்தி எல்லா சமையல்காரனும் நல்லாத்தான் போடுவான். அன்னிக்கு இதத்தான் கேக்க வந்தேன். கடைசிப் பந்திக்கு என்னா செய்வீங்க?"

பதினேழு கேள்வி வைத்தவள் நான். காரம் எவ்வளவு என்று கேட்டேன், பூண்டு உண்டா என்று கேட்டேன். கடைசிப் பந்தி என்று ஒன்று இருப்பதே என் படிவத்தில் இல்லை.

எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. கூடுதலாக அம்பது இலைக்கு ஆக்குவோம், தனி அண்டா வைப்போம், எழுதிக் கொடுக்கிறோம் என்று நல்ல நல்ல வார்த்தையாக வந்தது. அதற்குள் அண்ணி சொல்லிவிட்டார்.

"கடைசிப் பந்தியில நானும் இவளும் ஒக்காந்து சாப்பிடுவோம்க்கா. எங்களுக்குப் பரிமாறிட்டு அப்புறம் பாத்திரத்த ஏத்தட்டும்."

அத்தை கேரியரைக் காட்டி, "அதுல என்னா கொண்டாந்த?" என்றார். மருமகள் அடுக்கைப் பிரித்தாள். அத்தை நின்றபடியே சாம்பாரில் ஒரு விரல் தொட்டு வைத்தார். மோர்க்குழம்பில் தொட்டார். பாயசத்தில் இரண்டு தடவை தொட்டார்.

"டேய் தம்பி," என்றார் சொம்பைப் பார்த்து.

"சொல்லுக்கா," என்றது கோத்தா திங்கி.

"சாம்பாரும் மோர்க்குழம்பும் ரெண்டும் போடட்டும். சேமியா பாயசம் வேணாம், இந்தப் பருப்புப் பாயசமே இருக்கட்டும். என்னா சொல்ற?"

"நீ சொன்னா சரிக்கா."

"சிங்கப்பூரு, நீ என்னாப்பா சொல்ற?"

மாமா வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார். சிங்கப்பூர் லைனும் சில நேரம் அப்படித்தான். "சம்மதம்னுதான் நிக்கிறாரு," என்று அத்தையே முடித்துவிட்டார். பெண் அந்தப் பக்கம் கைதட்டினாள். அறுநூறு இலை. பிறகு எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று, அண்ணி சமைத்துக் கொண்டுபோனதையே எங்களுக்குப் பரிமாறினார் அத்தை. அண்ணி, தன் சாம்பாரைத் தானே சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றார்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் அண்ணி கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். மிளகாய் வாசம் அடித்தது. "பதில் போடு."

எனக்கு இன்னொரு இலவசம் கிடைத்திருந்தது, பன்னிரண்டாவது. என்ன வேண்டும் என்று சொன்னால் கடிதத்தை அதுவே எழுதிவிடும். சொன்னேன். மளமளவென்று ஒரு பக்கத்துக்கு மலாயில் எழுதித் தள்ளியது. நான் பெருமையோடு அண்ணிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "தங்களின் மேன்மை பொருந்திய நிறுவனம் அளித்த அரிய வாய்ப்பை ஏற்க இயலாமைக்கு ஆழ்ந்த வருத்தத்துடன்..."

"யாருக்கு வருத்தம்?"

"உங்களுக்குத்தான் அண்ணி. கடுதாசில அப்படித்தான் எழுதுவாங்க."

"எனக்கு இல்லியே. எடுத்துடு."

எடுத்தேன். "எதிர்காலத்தில் மீண்டும் வாய்ப்பளித்தால் பெரிதும் மகிழ்வேன்னு இருக்கு."

"மகிழ மாட்டேன். எடுத்துடு."

இப்படி எடுத்து எடுத்து, மேலே ஒரு வணக்கமும் கீழே ஒரு நன்றியும் நடுவில் ஒரே வரியும் மிஞ்சின: 'நான் வரவில்லை, எனக்குச் சமையல் வேலை இருக்கிறது.' அண்ணி அதை ஒரு தடவை திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ம். இதுதான் நான்," என்று சொல்லிவிட்டு, மறுநாளுக்கு வந்திருந்த இருபத்தைந்து பேர் ஆர்டருக்கு உளுந்து ஊறப்போடப் போனார்.